புது டூரிங் பைக்கா, ஒரு வருடம் ஓடியதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நெடும்பயணத்துக்கென்று வாங்கப்படும் பைக்குகளுக்கு ஒரு தனி ராசி உண்டு. ஆசையாய் வாங்குவார்கள், ஓட்ட நேரம் கிடைக்காது, ஏழெட்டாயிரம் கிலோமீட்டரிலேயே விற்பனைக்கு வந்துவிடும். ஆபீஸ் போய்வர வாங்கும் நூறு சி.சி. வண்டி அப்படி வராது. நன்றாக உழைத்துத் தேய்ந்த பிறகுதான் அது கைமாறும். மற்ற வண்டி என்றால் புதுசே வாங்குங்கள் என்று சொல்கிற நான், டூரிங் பைக் என்றால் மட்டும் ஒன்று, ஒன்றரை வருடம் ஓடியதையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். யாருக்கு எது பொருந்தும், எதை எப்படிப் பார்ப்பது என்பதற்குச் சில குறிப்புகள்.

1. முதலில் சி.சி.யைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350-ஐத் தாண்டியவற்றுக்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதம் இருந்தது, அது 40 ஆக ஏறியது. புதுசா பழசா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கோட்டிலேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350, சுசுகி வி-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ்., யெஸ்டி அட்வென்ச்சர், ஹீரோ எக்ஸ்பல்ஸ் எல்லாம் கோட்டுக்கு உள்ளே. இவற்றைப் பெரும்பாலும் புதிதாகவே வாங்கிவிடலாம். 452 சி.சி. ஹிமாலயன், 648 சி.சி. இன்டர்செப்டர் போன்றவை வெளியே. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஓராண்டு ஓடியதைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

2. 350 சி.சி.க்குள் ஒரு வண்டியை விற்பவர், வரி குறைவதற்கு முன் வாங்கியவராக இருந்தால் தன் பழைய பில்லைக் காட்டித்தான் விலை சொல்வார். 28 சதவீதம் 18 ஆனதில் அதே வண்டியின் ஷோரூம் விலை சுமார் 8 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். அவர் கொடுத்தது அவருக்கு. நமக்கு இன்றைய ஷோரூம் விலைதான் அளவுகோல்.

3. புது வண்டியில் திரும்பி வராத பணம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷோரூம் விலை 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள்கால வரி 12 சதவீதம். அதுவே 36,000 ரூபாய். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 350 சி.சி.க்கு மேல் என்றால் 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி 15,117 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. வண்டிக்கு நேரும் சேதத்துக்கான ஓராண்டு பாலிசி, பதிவுக் கட்டணம், அது இது என்று சேர்ந்தால் ஆன்ரோடு விலை 3 லட்சத்து 60 ஆயிரத்தை எட்டும்.

இந்த அறுபதாயிரம் ஷோரூமை விட்டு வண்டி வெளியே வந்த நிமிடமே கரைந்துபோன பணம். ஆனால் அதன் பலன் மறைவதில்லை. ஆயுள்கால வரி வண்டியோடு இருக்கிறது, ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டியில் மூன்றரை, நான்கு ஆண்டு மிச்சம் இருக்கிறது. இரண்டாவதாக வாங்குகிறவருக்கு இதெல்லாம் ஏறக்குறைய இலவசம். கிட்டத்தட்டப் புது வண்டியின் லாபம் முக்கியமாக இங்கேதான் இருக்கிறது. சைலன்சர் பளபளப்பில் இல்லை.

4. நியாயமான விலை எது என்று தெரியாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் ஐ.டி.வி. என்று சொல்லும் வண்டி மதிப்பு, ஷோரூம் விலையிலிருந்து தேய்மானம் கழித்தது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30. மேலே சொன்ன 3 லட்ச ரூபாய் வண்டிக்கு ஒன்றரை வயதில் 2 லட்சத்து 40 ஆயிரம். நான் இதையே உச்சவரம்பாக வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் புதுச் சக்கரம், நல்ல பெட்டிகள் என்று கண்ணால் காணக்கூடிய காரணம் வேண்டும். புது வண்டியின் ஆன்ரோடு விலைக்கும் கேட்கும் விலைக்கும் வித்தியாசம் கால்பங்குகூட இல்லை என்றால் பேச்சை வளர்க்காமல் ஷோரூமுக்குப் போய்விடுங்கள்.

5. இவர்கள் யோசிக்காமல் புதிதே வாங்கலாம்: இதுதான் முதல் பைக் என்பவர்கள், கூட வந்து பார்க்க ஒரு மெக்கானிக்கோ விஷயம் தெரிந்த நண்பரோ இல்லாதவர்கள், முழுத் தொகையையும் கடனில் வாங்குகிறவர்கள். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி எப்போதும் கூடுதல், தவணைக் காலமும் குறைவு. விலையில் மிச்சம் பிடித்ததை வட்டியில் கட்டுவதில் என்ன பயன்?

6. ‘ஏன் விற்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர் பேசட்டும். வெளிநாட்டு வேலை, குழந்தை பிறந்திருக்கிறது, முதுகுவலி, சீட் உயரம் ஒத்துவரவில்லை, இன்னும் பெரிய வண்டிக்கு மாறுகிறேன்: டூரிங் பைக் விற்பனைக்கு வரும் உண்மையான காரணங்கள் இவை. கடைசிக் காரணத்தைச் சொல்கிறவர் வண்டியைப் பொதுவாக நன்றாகவே பார்த்துக்கொண்டிருப்பார். ‘நண்பர் வண்டி, அவர் ஊரில் இல்லை’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் புரோக்கர். புரோக்கரிடம் வாங்கக்கூடாது என்றில்லை. ஆனால் ஆர்.சி.யில் பெயருள்ள ஆளிடம் போனிலாவது பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

7. உயரமும் எடையும் ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தெரியாது. ஹிமாலயன் 450-ன் சீட் 825 மில்லிமீட்டர், பெட்ரோல் நிரப்பினால் எடை 196 கிலோ. சூப்பர் மீட்டியர் 650-ல் சீட் 740 மில்லிமீட்டர்தான், காலை ஊன்றிக்கொள்ளச் சுகமாக இருக்கும், ஆனால் 241 கிலோ. பெட்ரோல் பங்கில் பின்னால் தள்ளும்போது அது தெரியும். அதே மாடலை ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்து இருநூறு கிலோமீட்டராவது ஓட்டிவிடுங்கள். பின்சீட்டில் வரப்போகிறவரையும் கூட்டிப்போங்கள். பாதி டூரிங் பைக்குகள் விற்பனைக்கு வருவதே பின்சீட்டில் இருப்பவர் ‘இனி நான் வரமாட்டேன்’ என்று சொன்ன பிறகுதான்.

8. ஓடிய கிலோமீட்டர் மட்டும் வயதைச் சொல்லாது. 411 சி.சி. ஹிமாலயனின் தயாரிப்பு, 450 வந்த 2023-லேயே நின்றுவிட்டது. ‘நாலாயிரம்தான் ஓடியிருக்கு, அப்படியே புதுசு’ என்று அதை யாராவது காட்டினால், நிறுத்தியே வைத்திருந்த வண்டி என்று பொருள். பேட்டரி, டயர், பிரேக் ஆயில், ரப்பர் குழாய்கள் எல்லாம் ஓடாமலே கிழடு தட்டும். 411 நல்ல வண்டிதான், காற்றால் குளிரும் எளிமையான எஞ்சின், வழியில் நின்றால் சிற்றூர் மெக்கானிக்கும் கைவைப்பார். ஆனால் அதைப் பழைய வண்டி விலைக்கு வாங்க வேண்டும்.

9. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதைத் தேர்ந்தெடுங்கள். பி.எஸ்.6 விதியின் இரண்டாம் கட்டம் அப்போது வந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதும் அப்போதிருந்துதான். இன்று பங்குகளில் கிடைப்பது அந்தப் பெட்ரோல்தான். தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கும். பதிவுத் தேதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜனவரியில் பதிவான வண்டி முந்தைய ஆண்டு ஜூலையில் தயாராகியிருக்கலாம்.

10. ஆடியில் விலை பேசுங்கள். நல்ல காரியம் செய்யமாட்டார்கள் என்பதால் ஷோரூமும் இறங்கிவரும், தனி ஆளும் இறங்கிவருவார். ஆயுத பூஜை நெருங்கினால் இருவருமே நிமிர்ந்துவிடுவார்கள்.

11. பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் நம் ஊரில் வண்டி விலை போகாது. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்றால் இது நல்ல வாய்ப்பு. சில ஆயிரமாவது குறைத்துக் கேட்கலாம். நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

12. வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், நேரத்தைக் கடைசி நிமிடத்தில் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து ‘தயார்’ பண்ணியிருக்கிறார்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடப் பெரிய கோளாறை யாரோ மறைத்திருக்கிறார்கள்.

13. மீட்டரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், கால் வைக்கும் ரப்பரை நம்புங்கள். ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பிரேக் மிதி வழுவழுவென்று தேய்ந்திருக்காது, கைப்பிடி ரப்பரின் கோடுகள் அழிந்திருக்காது, பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகம் சிக்கும் அளவுக்கு வரம்பு எழுந்திருக்காது. இதைவிட உறுதியான வழி, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொல்லி சர்வீஸ் வரலாறு கேட்பது. ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கணினியில் இருக்கும். உரிமையாளரையும் கூட்டிப்போனால் மறுக்காமல் காட்டுவார்கள். வாரண்டி மிச்சம் இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

14. விழுந்த வண்டியைக் கண்டுபிடிக்கப் பெயின்டைப் பார்ப்பது வீண், பெயின்ட் அடித்துவிடலாம். கிளட்ச், பிரேக் லீவர்களின் நுனி, ஹேண்டில் கம்பியின் முனை, கால் வைக்கும் கட்டையின் வெளி ஓரம், சைலன்சரின் அடிப்பக்கம்: தரையில் உரசுவது இவைதான். ஒருபுறம் மட்டும் புது லீவர் இருந்தால் கேளுங்கள். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்ததென்றால் பரவாயில்லை, கனமான வண்டிகள் எல்லாமே ஒருமுறையாவது சாயும். பயப்பட வேண்டியது முன்பக்க மோதலுக்கு. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பி, அது போய் முட்டும் இரும்பு முட்டுகளில் நசுங்கல் இருக்கிறதா பாருங்கள். டேங்குக்கு முன்னால் சேசிஸ் பற்றவைப்பில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் விலை பேச வேண்டாம், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

15. முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் லேசாகப் பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் கோன்செட் போய்விட்டது. மாற்றக்கூடியதுதான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் போனதென்றால் மேடுபள்ளத்தில் கண்மண் தெரியாமல் ஓட்டியிருக்கிறார். போர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஸ்போக் சக்கரமென்றால் சுழற்றிவிட்டு ரிம் கோணலாக ஆடுகிறதா என்று பாருங்கள்.

16. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லை விட்டு நன்றாக விலகி வந்தாலோ, பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ, மீட்டர் சொல்வதைவிட வண்டி அதிகம் ஓடியிருக்கிறது, அல்லது செயினுக்கு எண்ணெய் காட்டியதே இல்லை. இரண்டில் எதுவானாலும் செலவு உங்களுடையது.

17. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-வது வாரம். முன், பின் டயர்களின் தேதி வண்டித் தயாரிப்பு மாதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கம்பெனியில் வந்த டயர். பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் நேர்ச் சாலையில் நிறைய ஓடிய வண்டி. பயப்பட ஒன்றுமில்லை, டூரிங் பைக் அப்படித்தான் தேயும்.

18. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைத் தமிழ்நாட்டில் வாங்குகிறவர்கள் அலட்சியப்படுத்தவே கூடாது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பகுதிகளில் வண்டிகள் மூழ்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி. அடுத்த ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலில் புதுச்சேரி, விழுப்புரம், கடலூர். அன்று நனைந்த புது வண்டிகளைக் கழுவி, எண்ணெய் மாற்றி, பாலிஷ் போட்டு விற்பவர்கள் உண்டு. வெளியூருக்குக் கொண்டுபோய் விற்றால் வாங்குகிறவருக்குச் சந்தேகமும் வராது.

தண்ணீர் விட்டுப்போகும் அடையாளம் வெளியே இருக்காது. சீட்டைக் கழற்றி அடியிலுள்ள வயர் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள். செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் நைஸான வண்டல், ஹெட்லைட்டுக்குள் மங்கலான நீர்க்கோடு, மீட்டர் கண்ணாடிக்குள் வியர்வை, டேங்குக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு: இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் போதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இப்போதைய பைக்குகளில் ஏ.பி.எஸ்., எரிபொருள் செலுத்தி, ஸ்க்ரீன் எல்லாமே மின்னணுச் சாதனங்கள். வெள்ளம் பட்ட வண்டி உடனே நிற்காது. ஒரு வருடம் கழித்து ஏதாவது ஒரு காட்டுச் சாலையில் நிற்கும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் முந்தைய ஆண்டு க்ளெய்ம் ஏதாவது உண்டா என்று கேட்பதும் நல்லது. க்ளெய்ம் இல்லாத வண்டிக்குப் புதுப்பித்தலில் தள்ளுபடி கிடைத்திருக்கும், அது பாலிசி தாளில் எழுதியிருக்கும்.

19. ‘லடாக் போய்வந்த வண்டி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊரிலிருந்து ஓட்டிப்போனால் போக, வர ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர்கள் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. ஆற்று நீரில் இறங்கியது, கூழாங்கல் சாலையில் அடிபட்டதுதான் கவனிக்க வேண்டியது. எஞ்சினுக்கு அடியிலுள்ள காப்புத் தகட்டைக் குனிந்து பாருங்கள், பெரிய நசுங்கல் இருக்கிறதா என்று. ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே சேறு காய்ந்து அடைத்திருக்கிறதா பாருங்கள். பெட்டிகளைச் சுமந்த பின் சட்டத்தில் விரிசலோ, மறுபடி பற்றவைத்த தடமோ இருக்கக்கூடாது.

20. துணைச் சாமான்களுக்குப் பாதி விலைகூட அதிகம். பக்கப் பெட்டிகள், கிராஷ் கார்டு, உயரமான கண்ணாடி, பனி விளக்கு எல்லாவற்றையும் கூட்டி ‘அதுவே நாற்பதாயிரம் ஆச்சு சார்’ என்பார்கள். உங்களுக்கு வேண்டியதற்கு மட்டும் விலை கொடுங்கள், வேண்டாததைக் கழற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒருமுறை நடந்து வந்தால் எது என்ன விலை என்று தெரிந்துவிடும். மாற்றிய சைலன்சர் இருந்தால் கம்பெனி சைலன்சரைக் கேட்டு வாங்குங்கள். சத்தம் போடும் சைலன்சரோடு போலீஸ் கையில் மாட்டப்போவது நீங்கள்தான். பழைய இண்டிகேட்டர், கண்ணாடி, டூல்கிட், இரண்டு சாவி இவையும் வர வேண்டும்.

கூடுதல் விளக்கை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் வாரண்டி போச்சு, என்றாவது தீப்பொறியும் வரலாம். ரிலேயும் பியூஸும் வைத்துச் செய்திருந்தால் விற்பவர் விவரமான ஆள், மற்ற விஷயத்திலும் அவரை நம்பலாம்.

21. ஓட்டிப் பார்க்கும்போது தெருவுக்குள் ஒரு சுற்று போதாது. எல்லா கியரிலும் ஓட வேண்டும், எண்பதில் ஒரு நிமிடம் நிதானமாகப் போக வேண்டும், வெறும் சாலையில் ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா, ஹேண்டில் நடுங்குகிறதா? திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தாமல் ஐந்து நிமிடம் நிற்கவிடுங்கள், ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் அதன் விசிறி ஓடத் தொடங்க வேண்டும்.

22. ஷோரூமில் ஓட்டிக் காட்டும் வண்டியைத் தள்ளுபடியில் விற்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நூறு பேர், ஆறிய எஞ்சினை முறுக்கி ஓட்டிய வண்டி அது. மாறாக, கம்பெனியே பரிசோதித்து விற்கும் பழைய வண்டிகளைப் பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு 2023 இறுதியில் ‘ரீஓன்’ என்ற பெயரில் தொடங்கியது, ஆரம்பித்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தனி ஆளிடம் வாங்குவதைவிட விலை கூடும். மெக்கானிக் துணை இல்லாதவர்களுக்கு அந்தக் கூடுதல் தொகை தகும்.

23. காகிதங்களை வண்டிக்கு முன்பே பாருங்கள். பதிவு எண்ணை வைத்துப் பரிவாகன் இணையதளத்தில் உரிமையாளர் வரிசை, கடன் குறிப்பு, இன்ஷூரன்ஸ் காலம் பார்த்துவிடலாம். கட்டாத அபராதமும் தெரியும். கடன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து எச்.பி. என்னும் அந்தக் கடன் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸில் அடித்திருக்கும் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சுரண்டி மறுபடி அடித்ததுபோல் தெரிந்தால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம்.

24. பெங்களூரு, புதுச்சேரிப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியே ஆக வேண்டும், வண்டி வயதுக்கேற்ப இங்கே ஆயுள்கால வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறும் வேலை தனி. குறைந்த விலையில் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர் வண்டியே லாபம்.

25. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று விடுவது நம் ஊர் வழக்கம். சட்டப்படி விற்றவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இதை விற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவரே உங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி, வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

26. இன்ஷூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலரும் ஆர்.சி. மாறியதோடு நின்றுவிடுகிறார்கள். வண்டி உங்கள் பெயரில், பாலிசி பழையவர் பெயரில் இருந்தால் சேதத்துக்குக் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். க்ளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி ஆளுக்குரியது, வண்டியோடு வராது. அதை விற்பவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்வார், நீங்கள் வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். பேரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது தேய்மானம் கழிக்காத பாலிசியாக எடுங்கள். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், டூரிங் பைக்கில் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

27. புதிதே வாங்குவதாக முடிவானால் ஊர்ப்பயணத்துக்கு முந்தின நாள் டெலிவரி எடுக்காதீர்கள். ராயல் என்ஃபீல்டில் முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில். அதுவரை வேகத்தை அடக்கி, ஒரே சீராக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அந்த 500-ஐ ஊருக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் முடித்து, சர்வீஸ் விட்டபிறகே தூரம் போக வேண்டும். பில் போடுவதற்கு முன் வண்டியை நேரில் பார்த்துத் தயாரிப்பு மாதம், டயர் தேதி, கீறல் எல்லாம் சரிபாருங்கள். ‘கட்டாயம்’ என்று தலையில் கட்டும் துணைச் சாமான் தொகுப்பு எதுவும் கட்டாயம் இல்லை. இன்ஷூரன்ஸையும் வெளியில் எடுத்துக்கொள்ளலாம்.

28. பழையதை வாங்கினால் முதல் வாரமே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். விற்றவர் ‘போன மாசம்தான் மாத்தினேன்’ என்று சொல்லியிருந்தாலும் சரி. பிறகு நீண்ட பயணத்துக்கு முன் ஒரு சின்ன மலை. சென்னைக்காரர்களுக்குப் பதினான்கு வளைவுள்ள ஏலகிரி, கோவைக்காரர்களுக்கு நாற்பது வளைவுள்ள வால்பாறை. இறக்கத்தில் பிரேக் இளகுகிறதா, ஏற்றத்தில் பின்சீட்டுச் சுமையோடு எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று இரண்டும் அங்கே தெரிந்துவிடும். வந்ததும் பரிவாகன் தளத்தில் உங்கள் கைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதச் செய்தி விற்றவர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.